பிறகு நினைவூட்டு

ரூசேயில் பனி. முதல் நோயாளி வருமுன்
திரை கேட்டுவிட்டது: இப்போதே மேம்படுத்தவா?
பிறகு நினைவூட்டு என்றேன்,
நானூறாவது தடவையாக இருக்கும்.

வரவேற்பறைக் கணினியில் போன மாதமே புதியதை ஏற்றினோம்.
வேகம்தான், குறை சொல்ல முடியாது.
ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறதென்று
மூலையில் எழுதிக் காட்டுகிறது.
ஸ்வெடோஸ்லாவாதான் ஒரு வாரம் தேடினாள்
மேசைமேலேயே இருந்த அச்சுப்பொறியை.

இது எக்ஸ்ரேக் கணினி.
அந்தக் கருவிக்குப் பழைய பாஷைதான் தெரியும்.
அதை மாற்ற நான் காரை விற்கணும்.
இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன்;
பிடுங்குமுன் கடைசியாகக் காதில் விழுந்ததை
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.
உள்ளே பாட்டரி செத்து
விழிக்கும்போதெல்லாம் அதற்கு
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.
ஊர்ப் பற்களெல்லாம் ஒரே நாளில் சொத்தையானவை.
சரியான தேதியைப் பேனாவால் எழுதுகிறேன்.

டிராலிபஸ் ஓட்டும் ஓக்னியான் கொப்பளித்துத் துப்பினார்.
"வலிக்கவே இல்லையே டாக்டர், எதுக்குத் தோண்டணும்?"
படத்தில், வேருக்கடியில், கடுகளவு கறுப்பு.
வலிக்காததுதான் சங்கடம் என்றேன்.

ஊசி மரக்கட்டுமென்று காத்திருந்தோம்.
திரையில் மறுபடி அந்தக் கேள்வி.
பாதி வாயால் அவர் சிரித்தார்.