மேல்மாடியில் உவர்நீர்

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
என் தலைக்கு மேல் நிற்பது அறுபது லிட்டர்.
ஸ்வதாவா அளந்துதான் ஊற்றினாள்.

ஒஸ்திராவாவில், கரி தோண்டிக் கோறையான நிலத்தின் மேல்
எங்கள் கட்டடம் கொஞ்சம் மேற்கே சாய்ந்து நிற்கிறது.
உருளைக்கிழங்கு கை தவறினால்
சமையலறைக் கதவுவரை தானாக உருண்டுபோகும்.
இந்த வீட்டில் யாராவது கண்ணாடித் தொட்டி வைப்பார்களா?

எனக்கு இரவு வேலை. மூடிப்போன சுரங்கத்தில்
ஊறும் நீரை இறைத்து ஆற்றில் விடும் மோட்டார்களுக்குக் காவல்.
அறுநூறு மீட்டர் ஆழத்து நீர். நாக்கில் வைத்தால் கரிக்கும்.
பூமியிலிருந்து உப்பை வெளியேற்றுவது என் பிழைப்பு.
அவளோ குழாய்த் தண்ணீரைச் சவ்வு வழியே பிழிந்து,
இருந்ததையெல்லாம் கழித்துவிட்டு,
வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறாள்.

பகலில் தூங்குகிறவனுக்குக் காதுதான் கண்.
படுத்தபடியே பிரித்தறிந்தேன்:
இது அலை எழுப்பும் மோட்டார்,
இது நுரையாய் அழுக்கைப் பிரிக்கும் குழல்,
இந்த 'டிக்' நீரைச் சூடாக்கும் கம்பி அணைகிற சத்தம்.
நான்காவதாக ஓர் உறுமல்.
அது நோய்.
பதினோராம் நாள் மாடியேறி மணியடித்தேன்.

"தூக்கம் கெடுகிறதா?"
"மோட்டாரின் ரப்பர் கால் ஒன்று கழன்றிருக்கிறது,
உடம்பு கண்ணாடியில் உரசுகிறது."
சட்டையை மடித்து முழங்கைவரை விட்டேன்.
வெளியே பனி. உள்ளே இருபத்தைந்து டிகிரி.
உறுமல் நின்றது.

வெள்ளை மணல். துளைத்துளையாக ஆறு கிலோ பாறை,
கடைவாய்ப் பற்கள்போல் நேர்த்தியாகப் பொருத்தியது.
(பல் செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு.
விளக்கு மட்டும் பாதிச் சம்பளம்.)
அதன்மேல் பழுப்புப் பாசி. வேறொன்றுமில்லை.
மீன் எங்கே?
"தண்ணீர் இன்னும் பழுக்கவில்லை."
ஓர் இறாலைத் துணியில் கட்டி அழுகப் போட்டிருந்தாள்.
அந்த நஞ்சைத் தின்ன ஓர் உயிர் பிறக்க வேண்டுமாம்,
அது கழித்ததைத் தின்ன இன்னொன்று.
சோதனைக் குழாய் ஊதாவாக இருக்கும்வரை
பர்ஸைத் திறக்கக் கூடாது என்றாள்.

மறுவாரம் வெள்ளரி ஊறுகாய் ஜாடியில்
சுரங்க நீர் கொண்டுபோனேன்.
உப்பு அளக்க ஒரு குழல் வைத்திருக்கிறாள்,
ஒரு கண்ணால் பார்ப்பது. நுனியில் ஒரு சொட்டு விட்டு
ஜன்னலுக்கு நேரே பிடிக்க வேண்டும்.
மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே ஒரு கோடு.
அவளுடைய நீர்: முப்பத்தைந்து.
என்னுடையதில் கோடு ஒன்பதில் நின்றது.
நான் கடற்கரைக்குப் போனதில்லை.
அடிவானம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்கவில்லை,
எண்ணை மட்டும் சொன்னேன்.

"நீர்த்துப்போன கடல்" என்றாள்.
"கிழட்டுக் கடல்" என்றேன்.
கரிப் பாளங்களுக்கு நடுவே
சிப்பித் தடம் பார்த்திருக்கிறேன், விரல்நகம் அளவில்.
ஒரு கரண்டி உள்ளே விட்டுப் பார்க்கலாமா?
"இரும்பு இருக்கும். ஒரு சொட்டு விடமாட்டேன்."
மூடியை இறுக்கித் திருகி என் கையிலேயே கொடுத்தாள்.

பிறகு விளக்கை அணைத்துச் சிவப்பு டார்ச் பிடித்தாள்.
பாறையின் ஒரு துளையிலிருந்து
நூல் தடிமனில், முள்முள்ளாக, ஒரு கை நீண்டது.
மணலைத் தடவி எதையோ எடுத்துக்கொண்டு
உள்ளே போயிற்று.
அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. கல்லோடு ஒளிந்து வந்ததாம்.
பெயர் சொன்னாள். மறந்துவிட்டேன்.

ஜாடி இப்போது என் ஜன்னலில், அடியில் துருப் படிந்து.
இன்று காலை படிக்கட்டில்
"ஊதா வெளிறிவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு
டிராமுக்கு ஓடினாள்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
தொட்டியில் நீர்மட்டம் இடப்பக்கம் அரை விரல் கூடுதல்,
அன்றே பார்த்தேன், சொல்லவில்லை.
சாயங்காலம் ரசமட்டமும் மர ஆப்புகளும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும்.
முதலில் பாதி நீரை வாளிகளுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.
இறைக்க எனக்குத் தெரியும்.