நூறு விழுக்காடு

கால்யாரியில் காற்று உப்பாய் அடிக்கும் மாதத்தில்
கவீனோ வருவான், ஆண்டுக்கொரு முறை,
சட்டையில் ஆட்டுப்பட்டி வாடை,
செய்தித்தாள் சுற்றிய பாலாடைக்கட்டி.
வேண்டாமென்றால் கேட்கமாட்டான்.

ஏழு வயதில் இவன் மண்ணீரல்
வயிற்றுக்குள் கல்லாய்க் கனத்தது.
சதுப்புநிலக் கொசுவிடம் தப்பிக்க
இத்தீவின் இரத்தம் எப்போதோ கற்ற தந்திரம்.
ஒரு பக்கம் வந்தால் காவல்;
இவனுக்கு இருபக்கமும் வந்துவிட்டது.

பத்து வயது அக்காள் பொனாரியாவின்
இடுப்பெலும்பிலிருந்து ஒரு பை மஜ்ஜை.
பையைப் பிடித்திருந்தவள் நான்.
அதற்கு யாரும் வழி சொல்லவில்லை.
நரம்பில் இறங்கி, தானே எலும்பைத் தேடி
காலி வீட்டில் குடியேறியது.
அவன் தோலை, ஈரலை
அந்நியமென்று ஒருநாளும் தாக்கவில்லை.
ஏனென்று இன்னும் முழுதாய்த் தெரியாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முப்பத்தொரு ஆண்டு.
இன்று காலையும் இருட்டறையில் எண்ணினேன்:
சிவப்புப் புள்ளி இரண்டு, இரண்டு, இரண்டு.
ஆணுக்குரிய பச்சை ஒன்றுகூட இல்லை.
இருநூறு அணுக்களும் அவளே.

"அக்காள் எப்படி?"
மேய்ச்சல் நிலம் பிரித்ததில்
பேச்சு நின்று ஏழு வருடமாம்.
"அவ பேரை எடுக்காதீங்க, டாக்டர்."

தாளில் எழுதினேன்:
கொடையாளி அணுக்கள் நூறு விழுக்காடு.
படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

ஊசி குத்திய இடத்துப் பஞ்சில்
குங்குமப்பொட்டளவு ஈரம்.
ஒருகணம் பார்த்தான்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது.