கண்ணி

அறுந்தது நாண் இல்லை.
நாணில் கட்டியிருந்த கண்ணி.
சுண்டுவிரல் நகத்தளவு கயிறு.
பாதி இழுப்பில் இருந்தேன்,
சக்கரம் இன்னும் உருளவில்லை,
நாற்பத்தைந்து பவுண்டும் என் வலது கையில்.

கை நேராக வாய்க்கு வந்தது.
அம்பு இலக்கைத் தாண்டி வேலியைத் தாண்டி
ரம்புத்தான் மரங்களுக்குள் போனது.
பாலிக் புலாவில் ஏதோ ஒரு மரத்துக்கு
இன்னும் தெரியாது
தன்னை யார் குத்தியது, எதற்கு என்று.

முன்பல்லில் அரிசி நுனி அளவு சில்லு போயிற்று.
வேலையில் சூப்பர்வைசர் கேட்டாள்
வீட்டில் எல்லாம் சரிதானே என்று.
வில் என்றேன்.
நம்பவில்லை.

சனிக்கிழமை ஜெலுத்தோங்கில்
ஊய் தன் கடைக் கண்ணாடி மேசைமேல்
இரண்டையும் வைத்தார்.
கயிறு மீட்டர் ஆறு வெள்ளி.
பித்தளைக் கண்ணி முப்பத்தெட்டு,
குட்டித் திருகு இரண்டு, சாவி இலவசம்.
"இது ஆயுசுக்கும் வரும்" என்றார்.
யார் ஆயுசு என்று நான் கேட்கவில்லை.

பக்கத்துத் தடத்தில் எய்கிற தயாபரன்
பித்தளை என்றான்.
முடிச்சை நம்பி முகத்தைக் கொடுப்பானேன்?
ரோஸ்னானி சிரித்தாள்.
கயிறு போவதற்கு முன்னால் பஞ்சு விடும்,
நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்க்கவில்லை. உண்மை.
இரண்டு வாரமாகப் பஞ்சு விட்டுக்கொண்டிருந்திருக்கும்.
நான் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பித்தளை வாங்கினேன்.

ஐம்பது மீட்டரில் அம்பு நாலு விரல் கீழே இறங்கியது.
நாணில் பாரம்.
குறிமுள்ளை இறக்கிச் சரிசெய்தேன்.
பிறகு வாயைப் பற்றிய நினைப்பே இல்லை,
விசைப்பிடி கொளுவும்போது 'டிக்' என்று ஒரு சத்தம்,
பூட்டிய வீட்டை மறுபடி இழுத்துப் பார்க்கிற நிம்மதி.
மூன்று வாரம் நல்ல எய்தல்.
ஒருநாள் பன்னிரண்டில் ஒன்பது மஞ்சளில்.

நான்காவது வாரம், சும்மாதான்,
துடைக்கலாமென்று திருகைக் கழற்றினேன்.
அடியில் நாணின் சுற்றுநூல் நசுங்கி
இரண்டு இழை வெளியே நின்றது.
பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பளபளவென்று இருந்தது.
நாண் நூற்றெண்பது வெள்ளி.

எட்டு வருஷமாக என் கழுத்திலும் மஞ்சள் கயிறுதான்.
பாயான் லெப்பாஸில், சிப்பு செய்கிற அறைக்குள்
சங்கிலி ஆகாது என்பார்கள்.
கல்யாண வீடுகளில் கண்கள் வந்து கழுத்தில் நிற்கும்.
கொடி அடகில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.
(ஒரு தடவை அடகில்தான் இருந்தது.
வில் வந்தது அப்படித்தான்.)
ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாற்றும்போது
பழையதில் எங்கே நைந்திருக்கிறது என்று
விரலால் தடவிப் பார்ப்பேன்.
யாரும் சொல்லித்தரவில்லை,
கை தானாகப் போகும்.

வில்லிடம் ஏன் போகவில்லை அந்தக் கை?

இரவு இரண்டரை. ரெலாவ் ஃபிளாட், பன்னிரண்டாம் மாடி.
புதுச் சுற்றுநூல் போட்ட நாண்.
பதினொரு சென்டிமீட்டர் கயிறு வெட்டினேன்.
சிகரெட்டை விட்ட பிறகும் நாகேந்திரன்
லைட்டரை வைத்திருக்கிறான், இதற்கென்று சொல்கிறான்.
அவன் பிடிக்க, நான் கயிற்று நுனியைத் தீயில் காட்ட,
நுனி உருகிக் குட்டிக் காளான் ஆகிறது.
எச்சில் தொட்டு அமுக்கினேன். சுட்டது.
மேல் முடிச்சு ஒரு பக்கம், கீழ் முடிச்சு மறுபக்கம்.
குறட்டை உள்ளே விட்டு விரித்தேன்.
கயிறு முனகியது.
இன்னும் விரித்தேன்.
முனகல் நின்றது.

"இது எத்தனை நாளைக்கு?" என்றான்.
தெரியாது.
ஆயிரம் அம்புக்கு மாற்றுவேன்,
அதற்கு முன்னால் பஞ்சு தெரிந்தால் அன்றைக்கே.

பித்தளைக் கண்ணி மோட்டார் சாவியில் தொங்குகிறது.
அதற்கு நல்ல வேலை அது.

வில்லை எடுக்குமுன் இப்போதெல்லாம்
கட்டைவிரலால் கண்ணியை ஒருமுறை தடவுகிறேன்.
அப்படியும்
முதல் இழுப்புக்கு மட்டும்
உதட்டைப் பல்லுக்குமேல் மடித்துக்கொள்கிறேன்.