கடைமடை வரை

கடையின் பெயர் லெயோன் ஒயின்ஸ், காரைக்கால்.
உள்ளே முக்கால்வாசி பிராந்தி.
கண்ணாடி அலமாரியில் மட்டும்
பதினோரு புட்டிகள், படுத்தபடி.
அவற்றுக்குத் தமிழில் சீட்டு எழுத
சொல்லுக்கு இரண்டு ரூபாய் பேசியிருந்தார்
சவரிராயன்.
நான் பத்திரம் எழுதுகிறவள்.
நான்கெல்லை தெரியும். திராட்சை தெரியாது.

இருமல் மருந்துக் குப்பிகளில் ஊற்றி
மூன்று மாதிரி கொடுத்தனுப்பினார்.
இரவு, கதவைச் சாத்திக்கொண்டு,
எவர்சில்வர் தம்ளரில்.

முதல் வாய்:
பழுக்காத நாவல். ஈறு இழுத்துக்கொண்டது.
ஆங்கிலத் தாளில் இதற்கே நாலு வரி,
தேயிலை, பதனிட்ட தோல், ஏதோ மரப்பட்டை.
துவர்ப்பு, என்று எழுதி நிறுத்தினேன்.
எனக்குத்தான் நட்டம்.

இரண்டாவதற்கு 'உடம்பு உண்டு' என்றது தாள்.
வடிகஞ்சிக்கும் புளித்தண்ணிக்கும் நடுவில்
ஒரு கனம்.
கொழகொழப்பு வெண்டைக்காய்க்குப் போய்விட்டது,
வழுவழுப்பு படித்துறைப் பாசிக்கு.
திண்ணம் என்றேன், பாதி மனசோடு.

மூன்றாவது, டிரை.
ஈரமாய் இருப்பதை எப்படி உலர்ந்தது என்பது?
'வறண்டது' என்று எழுதிக் காட்டினேன்.
சவரிராயன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"அரசலாத்தச் சொல்றாப்ல இருக்கே" என்றார்.
அடித்துவிட்டு, 'தித்திப்பு அற்றது'.
நாலு ரூபாய்.

விழுங்கிய பிறகும் நின்று
மெல்ல இறங்குமே, அந்த ருசிக்குத்தான்
ஒன்றும் அகப்படவில்லை.
வால் என்றால் குரங்கு, முடிவு என்றால் சாவு.
தலைப்பில் பாய்ந்து, நடுவில் சுணங்கி,
கடைசி வயலுக்கு எட்டுகிறதா என்பதுதானே விஷயம்?
'நாக்கின் கடைமடை வரை வரும்.'
அவர் மறுக்கவில்லை.
எட்டு ரூபாய்க்கு முனகினார்.

பாக்கிப் பணம் வாங்கப் போன அன்று
கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
ஆவணி பிறந்தும் காலில் சேறு படாத
வரிச்சிக்குடி கலியன்
கம்பிக்கு வெளியிலிருந்து
சீட்டை உரக்க வாசித்தார்.
"கடைமட வரைக்கும் வருதாமே!
எந்த மதகுல தொறந்தானுவோ?"

வரிசையே சிரித்தது.
நானும், முந்தானைக்குள்.

சிரிப்பு ஓய்ந்ததும் குவாட்டர் பிராந்தி ஒன்று வாங்கி
தண்ணீர் பாக்கெட்டுக்குக் கை நீட்டினார்:
"கரிக்காததா பாத்துக் குடு."