குரல் எட்டும் தூரம்

ஊர்னர்போடனில் மாலை ஏழரை.
பால் வடிக்கும் மரப்புனலை வாயில் வைத்து
பால்ஸ் இம்ஹோல்ஸ் கூப்பிடுகிறான்:
மாதாவை, அந்தோனியாரை,
எனக்குப் பெயர் பிடிபடாத இன்னும் நாலு பேரை.
மாடு, மனுசர், கூரை, எல்லாம் காக்கச் சொல்லி.

குரல் எட்டும் தூரம்வரைதான் காவலாம்.
காற்று எதிர்த்தடித்தால்
எல்லை எங்கள் குப்பைத்தொட்டியோடு நின்றுவிடும்.

நேற்று பஸ்ஸில் வந்தவர்கள் கைதட்டினார்கள்.
போனை உயர்த்தி ஒருத்தி
இன்னொரு தடவை என்றாள்.
அவன் புனலைக் கவிழ்த்துவிட்டு
குளம்பு வீங்கிய மாட்டிடம் போய்விட்டான்.

நான் ஹோட்டலின் அடித்தளத்தில்.
முப்பத்திரண்டு கட்டில்களின் விரிப்பு, உறை.
மெஷின் சுழன்றால் எதுவும் கேட்காது.

ஏழு இருபத்தெட்டுக்கு நிறுத்துகிறேன்.
பழுது என்று ரெனாட்டேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
யன்னலைத் திறக்கிறேன்.
ஆவி வெளியே போகிறது.
அந்தோனியார் உள்ளே வருகிறார்.