எடைச் சீட்டு

சின்னவேடம்பட்டி எடைமேடையில்
பதினோரு வருசம் சீட்டு எழுதினேன்.
லாரி ஏறும். முள் நடுங்கி நிற்கும்.
மொத்த எடை, வண்டி எடை, சரக்கு எடை.
சரக்கின் பெயர் எப்போதும் பழைய இரும்பு.
எந்த ஊர்ப் பழசு என்று கேட்க
அந்தச் சீட்டில் கட்டமில்லை.

அந்த ஆவணியில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து
ஒரு லோடு வந்தது.
மாரப்பன்தான் பிரித்துப் போட்டான்.
சங்கிலிப் பல், பீரங்கி மூடி,
வலமிருந்து இடம் ஓடும் எழுத்தில் ஏதோ எச்சரிக்கை,
உள்ளங்கையில் அடங்கி, தோளை இழுக்கும்
கருந்துண்டு ஒன்று.
எரிந்த இருக்கையில் ஒட்டியிருந்த
சட்டைப் பொத்தானைச் சுரண்டி எடுத்து வந்தான்:
"இதையும் எடையில சேத்தோணுமுங்களா?"

கட்டர் வைத்தால் வெள்ளை நெருப்பு.
அடங்கினால் மாவுபோல் கரும்பொடி.
மூக்குக்குக் கட்டிய துண்டை உதறி
அதிலேயே முகம் துடைப்பான்.
அவன் சட்டையைத் திப்பாத்தா துவைத்தாள்,
ஆறுமாச வயிறு
கல்லில் இடிக்காமல் சாய்ந்து நின்று.

ஹரிணிக்கு இடது காது மடல் இல்லை.
துளை இருக்கவேண்டிய இடத்தில்
கட்டைவிரல் அழுத்தியதுபோல் ஒரு குழி.
சொந்தத்துல கட்டுனீங்களா, டாக்டர் கேட்டார்.
கிரகணத்துல வெளிய போனியா, மாமியார் கேட்டாள்.
பட்டாளத்தில் இருந்தாயா என்று
யாரும் மாரப்பனைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.
அவன் தொட்ட ஒரே துப்பாக்கி
கோனியம்மன் தேருக்குப் போய் பலூன் சுட்டது.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து
ஒரு கம்மல் போட்டார்கள்.
இன்னொன்றை
ரோஸ் காகிதத்தோடு மடித்து
திப்பாத்தா இடுப்பில் செருகிக்கொண்டாள்.
பந்தியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
பாயசம் நன்றாயிருந்தது என்றார்கள்.

பிறகொரு சாயங்காலம் கணபதி டீக்கடை டிவியில்
ஜெயித்த நாட்டுச் சிப்பாய் ஒருவன்
விரல் ஒட்டிய மகனைத் தூக்கிக் காட்டினான்.
அடுத்ததாக, தோற்ற ஊரில் ஒரு தாய்.
அவள் துணியை விலக்குமுன் விளம்பரம் வந்துவிட்டது.
மாரப்பன் டம்ளரைப் பாதியில் வைத்தான்.
"அந்த லோடு எத்தன கிலோங்க?"

பதினெட்டாயிரத்து நானூத்தி எழுபது.
நோட்டைப் பார்க்காமலே சொன்னேன்.
அதற்குமேல் எனக்கும் தெரியாது.
அதனால்தான் என்று சொல்ல ஆளில்லை,
அதனால் இல்லை என்று சொல்லவும்.
உருகி மோட்டாராகி அந்த இரும்பு
அவிநாசிப் பக்கம் ஏதோ தோட்டத்தில்
தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.
மூன்றாம் வருசம் மாரப்பனுக்குச் சிறுநீரகம் போனது.
பெரியாஸ்பத்திரிச் சீட்டில்
வயதும் தொழிலும் சரியாக எழுதியிருந்தார்கள்:
முப்பத்திநாலு, கூலி.

ஹரிணி இப்போது ஏழாவது.
கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பி நின்று
"என்னங் மாமா?" என்பாள்.

பொத்தான் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.
எங்கள் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே
கண் தெரியாது.
ஒரு நாள், லாரி இல்லாத நேரம்,
நட்டநடுவில் அதை வைத்துவிட்டு
உள்ளே ஓடிவந்து
முள்ளைப் பார்த்தேன்.