அடிக்கிற ஆளோ, எடுக்கிற ஆளோ

"அக்கா, நீங்கள் அடிக்கிற ஆளோ,
எடுக்கிற ஆளோ?"
கிளிநொச்சியில், கண்டி வீதிக் கடையில்
இரண்டு ரக்கற்றை நீட்டிக்கொண்டு
கேட்கிறான் பொடியன்.

ஒன்றுக்குத் தலை கனம்.
விரலில் நிறுத்தினால்
தலைப்பக்கம் சரிகிறது,
கடைசி பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோளில்
நித்திரை கொள்கிறவனைப் போல.
மற்றது பாரத்தைப் பிடிக்குள்ளேயே வைத்திருக்கிறது.
தலை இருப்பதே தெரியவில்லை.

"பின்னுக்கு நிண்டு இடிக்கிறதெண்டால் இது.
முன்னுக்கு நிண்டு டக்கெண்டு தட்டுறதெண்டால் அது.
விலை ஒண்டுதான்."

பதினொரு வருசமாய் விளையாடுகிறேன்.
ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

மல்லாவியில் எங்கள் கோர்ட்டுக்குக் கூரை இல்லை.
சங்கக்கடைக்குப் பின்னால்
கிரவல் தரை, சுண்ணாம்புக் கோடு.
வைகாசி பிறந்தால் சோளகம்.
உயர்த்திப் போட்ட சட்டில்
வேலிக்கு அங்கால் வயலுக்குள் இறங்கி
கொக்குகளோடு நிற்கும்.
எது சட்டில், எது கொக்கு என்று
கிட்டப் போனால்தான் தெரியும்.
அதனால் தாழ்வாய், வலையை உரசுகிற மாதிரி
அடிக்கப் பழகினேன்.
என் ஆட்டம் என்று ஒன்று இருந்தால்
அதில் பாதி காற்றுடையது.

மற்றப் பாதி ஜீவரதியுடையது.
பின்னுக்கு நின்று அவள் இடிப்பாள்.
செத்துப் பிழைத்துத் திரும்பி வருவதை
நான் வலையடியில் பொறுக்குவேன்.
தை மாதம் கலியாணம் முடித்து
வவுனியாவுக்குப் போய்விட்டாள்.
அவளின் தலை கனத்த ரக்கற்றும் போய்விட்டது.

இப்போது என் சோடி, தபாற்கந்தோர் அருள்நேசன்.
அவரும் முன்னுக்கு நிற்கிற ஆள்.
போன ஞாயிறு ஒரே சட்டிலுக்கு
இருவரும் பாய்ந்ததில்
என் பழைய அலுமினியம் கழுத்து முறிந்தது.
பின்னால் வெறுங்கோர்ட்.
எதிர்ப்பக்கம் ஆறுதலாய், தேத்தண்ணி குடிக்கிற மாதிரி
புள்ளி எடுத்தார்கள்.
"சொறி" என்றார் அருள்நேசன்,
முன்னுக்கு நின்றபடியே.

ஆக, யாரோ ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும்.

கனத்ததை வாங்கி வீசுகிறேன்.
மேலே தொங்கும் கரம் போட்டில் மயிரிழையில் தப்புகிறது.
நல்ல சத்தம். உண்மையாகவே நல்ல சத்தம்.
ஒரு கணம் நான்தான் ஜீவரதி.
பிறகு வலத்தோள் பேசுகிறது.
உள்ளே கிடக்கிற சின்ன இரும்புக்கு
மாரியில் மட்டும்தான் வாய் என்று நினைத்திருந்தேன்.
பொடியன் அதைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

"இந்த லேசானதைத் தாரும்."

"நரம்பு எத்தினை இறாத்தலில இழுக்க?"

"இருபத்திரண்டு. வெளியில விளையாடுறது."

மிச்சக் காசை எண்ணி,
மாங்குளம் பஸ்ஸுக்கு நேரம் பார்த்து,
வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டு சொன்னேன்:
"தம்பி, அந்தக் கனத்ததை
ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை.
சனிக்கிழமை ஒருத்தர் வருவார்."

"அவர் அடிக்கிற ஆளோ அக்கா?"

"ஓம்.
அவருக்குத்தான் இன்னும் தெரியாது."